தம்பி வளத்த பச்சோந்திக் குஞ்சுகள்

ஆசீரைத் தேடியா வந்தே? வீடு இதுதாம்மா. ஆனா அவன் இங்க இல்ல. இல்லன்னா என்ன, நீ உள்ள வா. வெயில்ல நின்னு பேசாண்டாம். செருப்போடயே வா, தரை சுடும்.

என்ன பேரு சொன்னே? தாரணியா. சென்னையிலேருந்து பச்சோந்தி பாக்கவா இவ்வளவு தூரம் வந்தே? அதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கா! இருக்கட்டும், இருக்கட்டும். போன வருசம் ஆசீர் யாருக்கோ போட்டோ எடுத்து எடுத்து அனுப்பிட்டு இருந்தான். உனக்குத்தானா அது? பொம்பளைப் பிள்ளைன்னு அவன் சொல்லவே இல்லயே. என்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவான் அவன். இது சொல்ல விட்டுப் போயிருக்கும்.

பின்பக்கம் எட்டிப் பாக்காண்டாம், அங்க ஒண்ணுமில்ல. சிமெண்ட் போட்டாச்சு. உக்காரு, சொல்லுதேன். காப்பி குடிப்பியா? கருப்பட்டிக் காப்பிதான் நம்ம வீட்டுல.

நான் அவன் அக்கா. தங்கபுஷ்பம். இந்த ஊருல தையல் டீச்சர் வீடு எதுன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் சொல்லும். மிஷன் பள்ளிக்கூடத்துல ரிட்டயர் ஆகுற வரைக்கும் தையல்தான் சொல்லிக் கொடுத்தேன். நான் தெச்ச தையல் பிரிஞ்சதா சரித்திரம் கிடையாது.

அக்கான்னு வாயிலதான் சொல்லுதேன். ஆசீர் தவழ்ந்துகிட்டு இருந்தப்பவே எங்க அம்மா போயிட்டா. நான் அப்பத்தான் பள்ளிக்கூடம் முடிச்சிருந்தேன். அன்னையிலேருந்து அவன் என் இடுப்புலதான். எனக்கு மாப்பிள்ளை வரலைன்னு நெனைக்காதே. வந்தாவ. நல்ல இடத்துலேருந்தே வந்தாவ. இவனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? நீயே சொல்லு. ஒருநாள்கூட அவனைத் தனியா விட்டதில்ல நான். காலேஜ்ல சேத்தப்போ அந்த ஊருலயே வாடகைக்கு வீடு எடுத்து, தினம் பஸ்ல பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டுப் போனேன். கூடப் படிக்குற பயலுவ கேலி பண்ணுதானுவ, நீ ஊருக்குப் போ எக்கான்னு சொன்னான். பயலுவ பேச்சுக்கெல்லாம் பயப்படலாமா? நான் போகல.

பொறவு கோயம்புத்தூர்ல மோட்டார் கம்பெனியில வேலை கிடைச்சுது. அங்கயே ஒரு பிள்ளையைப் பாத்துக் கட்டிக்கிட்டான். சுகந்தின்னு பேரு, நர்ஸ். அவனாப் பாத்ததுதான். நான் ஒரு வார்த்தை குறுக்க சொல்லல. தங்கமான பிள்ளை. கொஞ்சம் வாயாடி, அவ்வளவுதான். "மதினி, நீங்க வாறதுக்கு முந்தி ஒரு போன் பண்ணிட்டு வாங்க"ன்னு ஒருக்கா சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்கு எதுக்குப் போனு, என் தம்பி வீட்டுக்குப் போக? அதை நான் மனசுல வெச்சுக்கிடல.

அவ ரெண்டு வருசம்தான் இருந்தா. வயித்துப் பிள்ளையோட போயிட்டா. திடீர்னு பிரஷர் ஏறி, வலிப்பு வந்து. ஜூன் மாசம். பிள்ளை பொம்பளைப் பிள்ளை. அதையும் அவ பக்கத்துலயே வெச்சு அடக்கம் பண்ணினாவ.

அவனை நான் ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். வேலையை விட்டுட்டான். பேச்சு அப்படியே நின்னு போச்சு. காலையில எந்திரிச்சா பின்னால துணி துவைக்குற கல்லுல போய் உக்காருவான். சாப்பிடுலேன்னா சாப்பிடுவான். படுலேன்னா படுப்பான். நான் பக்கத்துல போய் உக்காந்தா எந்திரிச்சு வேற இடத்துக்குப் போவான். நான் விடல, அங்கயும் போய் உக்காந்தேன். துக்கத்துல இருக்குறவனைத் தனியா விடக்கூடாதுல்ல.

அக்டோபர்ல மொத மழை பெஞ்சுது பாரு, அதுக்கு மறுநாள். அடுப்படியில நிக்கேன். பின்னாலேருந்து சத்தம். "எக்கா! எக்கா, இங்க வா. சத்தம் போடாம வா!"

எத்தனை மாசம் கழிச்சு அந்தச் சத்தம்! கையில விளக்குமாறு இருந்துச்சு, அதோட ஓடுதேன். பாத்தா முருங்கை மூட்டுல ஒரு பச்சோந்தி. சாண் நீளம். வயிறு புடைச்சுக் கிடக்கு. முன்னங்காலால மண்ணைப் பறிக்கு. அது எச்சில் பட்டா விசம்னுதானே எங்க ஊருல சொல்லுவாவ. நான் விளக்குமாத்தை ஓங்கிட்டேன். ஆசீர் என் கையை எட்டிப் பிடிச்சுட்டான்.

"அடிக்காதே எக்கா. விசம் கிசம் ஒண்ணும் கிடையாது. முட்டை போட வந்திருக்கு. பாவம், பிள்ளைத்தாச்சி."

அந்த வார்த்தையைச் சொல்லிட்டு அவனே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். நான் விளக்குமாத்தைக் கீழ போட்டுட்டேன்.

அன்னைக்கு முழுக்க அது தோண்டுச்சு. இவன் அந்தக் கல்லுல அசையாம உக்காந்து பாத்தான். முட்டை போட்டு, மண்ணை மூடி, காலால தட்டித் தட்டி விட்டுட்டு அது பாட்டுக்கு வேலியேறிப் போயிட்டு. திரும்பிக்கூடப் பாக்கல.

"இனி வராது எக்கா"ன்னான்.

"வராதா? அப்ப குஞ்சு பொரிச்சா யாரு பாப்பா?"

"யாரும் பாக்க மாட்டாவ. அதுவா பொரிச்சு, அதுவா மேல வந்து, அதுவா இரை பிடிச்சுத் தின்னுக்கிடும்."

என்ன சாதித் தாய் அது! பெத்தா வளக்கணும்லா? நான் சத்தம் போட்டேன். அவன், "அதுக்கு அதான் எக்கா பாசம்"னு சொல்லிட்டுச் செங்கலை எடுத்து அந்த இடத்தைச் சுத்தி அடுக்க ஆரம்பிச்சான். மனசு ஒடஞ்சவன் என்னமும் சொல்லுவான்னு நானும் விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு. அன்னையிலேருந்து அவனுக்கு உயிர் வந்துட்டு. போன்ல என்னென்னமோ படிச்சான். மாதுளை வாங்கி வெச்சான், செம்பருத்தி வெச்சான், கறிவேப்பிலைக் கன்னு வெச்சான். எல்லாம் தனித்தனியா, எட்ட எட்ட. ஏம்லே இப்படிச் சிதறி வெக்கேன்னு கேட்டா, "ஒரு செடிக்கு ஒண்ணுதான் எக்கா. அதுகளுக்குத் தனியா இருக்கணும். ஒண்ணை ஒண்ணு பாத்தாலே நொந்து போயிரும்"னான். காக்கா தூக்கிரும், பூனை வந்துரும்னு செடிக்கு மேல வலை போடணும்னு சொன்னான். கடையில வாங்குன வலை சரியா நிக்கல. நான் விடுவேனா? கொசுவலை வாங்கி, பாவாடை தெக்குற மாதிரி மேல சுருக்கு வெச்சு, கீழ மண்ணுல பொதைக்க விளிம்பு விட்டு, பக்கத்துல கை நுழைக்க ஒரு வாய் வெச்சு, பட்டன் போட்டுத் தெச்சுக் கொடுத்தேன். ஒவ்வொரு செடிக்கும் அளவெடுத்து. "எக்கா, உன்னை மாதிரி ஒரு ஆளு கிடையாது"ன்னான். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. என் தையல் மெசினை அன்னைக்குத் துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சேன்.

ஏப்ரல் கடைசியில கோடை மழை பெஞ்சுது. மறுநாள் காலையில மண்ணு லேசாக் குமிஞ்சுது. ஒரு தலை. இந்தச் சுண்டுவிரல் நகம் இருக்கு பாரு, அதைவிடச் சின்னத் தலை. ஒரு கண்ணு இந்தப் பக்கம் பாக்கு, ஒரு கண்ணு அந்தப் பக்கம் பாக்கு. பொறவு அடுத்தது. பொறவு அடுத்தது. இருபதுக்கு மேல இருக்கும். ஆசீர் மண்ணுல குப்புறப் படுத்துக்கிட்டுப் பாக்கான். தோள் குலுங்குது. சிரிக்கானாக்கும்னு நெனச்சுக் குனிஞ்சு பாத்தேன். அழுதுக்கிட்டு இருந்தான். சுகந்தியை அடக்கம் பண்ணுனப்போகூட அழாதவன்.

வளக்குறது லேசுன்னு நெனைக்காதே. நீ படிச்ச பிள்ளை, உனக்குத் தெரிஞ்சிருக்கும். அதுகளுக்குக் கிண்ணத்துல தண்ணி வெச்சா குடிக்கத் தெரியாது. இலையில சொட்டு நின்னாத்தான் நக்கும். விடியக் காலத்துலயும் பொழுது சாயவும் ஒவ்வொரு செடியா பன்னீர் தெளிக்குற மாதிரி தெளிப்பான். இரைக்கு, வாழைப்பழத்தை அழுக விட்டுச் சட்டியில வெச்சுப் பொடி ஈ பிடிப்பான். அந்த நாத்தம் இருக்கே! ஞாயித்துக்கிழமை ஆராதனையில கோயில்ல என் பக்கத்துல உக்காந்த பொம்பளைங்க சேலைத் தலைப்பால மூக்கை மூடுனாவ. நான் பொறுத்துக்கிட்டேன். செவ்வெறும்பு வந்து ரெண்டு குஞ்சைத் தின்னுட்டுன்னு, ராத்திரி தூங்காம ஒவ்வொரு செடி மூட்டுலயும் வாய்க்கால் மாதிரி தோண்டித் தண்ணி விட்டான். வெயில் வேணும், நிழலும் வேணும், அதுகளே பாத்து இங்கயும் அங்கயும் மாறிக்கிடும், நாம பிடிச்சு வெக்கக்கூடாதுன்னு சொல்லுவான். செத்ததைத் தனியா எடுத்துக் கொண்டுபோய்ப் புதைச்சுட்டு வருவான். எங்க புதைச்சான்னு சொல்லமாட்டான்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு அவன்கிட்ட வருத்தம். என்னைத் தொட விடமாட்டான். "எக்கா, கையில எடுக்காதே, அதுக்குப் பயம்." எனக்கென்ன பயம்? அவன் கடைக்குப் போன நேரம் பாத்து நான் எடுத்து விரல்ல விட்டுப் பாப்பேன். விரலை அப்படிப் பிடிச்சுக்கிடும் பாரு, கைப்பிள்ளை மாதிரி. ரகசியம் ஒண்ணு சொல்லுதேன், அவன்கிட்ட சொல்லாதே. அவன் பாக்குறப்ப அதுக வெறும் வெளிர் பச்சைதான். நான் எடுத்தா என்ன நிறம் காட்டும் தெரியுமா! கருகருன்னு கோடு கோடா, புள்ளி புள்ளியா, வாயைத் திறந்து ஒரு சத்தம் வேற விடும். என்னைக் கண்டா அதுகளுக்கு அவ்வளவு சந்தோசம்.

ஏன் முகத்தை அப்படி வெக்கே? நம்பலையா? நெசமாத்தான் சொல்லுதேன்.

காப்பி ஆறிப்போகுது, குடி.

மே மாசம் எங்க ஐயரம்மா வந்தாவ. ஐயரம்மான்னா எங்க சபைப் பாதிரியார் சம்சாரம். நல்ல பொம்பளை. சாயர்புரத்துப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கு, எமிமான்னு பேரு, பள்ளிக்கூட டீச்சர், முப்பது வயசாகியும் அமையாம இருக்கு, ஆசீரு விசயம் தெரிஞ்சும் சரிங்காவன்னு சொன்னாவ. நான் அன்னைக்கே ஜெபத்துல வெச்சேன். சாப்பிட உக்காரும்போது பக்குவமா எடுத்தேன்.

"வேண்டாம் எக்கா"ன்னான்.

"இப்ப வேண்டாம்னா பொறவு வேணுமா?"

"எப்பவும் வேண்டாம். நான் இப்படியே இருக்கேன். எனக்கு இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட முடியுது. விட்டுரு எக்கா."

வாய் அப்படித்தான் சொல்லும். ஆம்பளை பாரு, வெக்கம் இருக்கும். மனசுக்குள்ள ஒரு ஆசை இல்லாமலா இருக்கும்? சின்ன வயசுலயும் பால் வேண்டாம் வேண்டாம்பான். மூக்கைப் பிடிச்சு ஊத்துனாக் குடிச்சிருவான். நான் ஐயரம்மாகிட்டச் சொல்லிட்டேன், பொண்ணு வீட்டுல வந்து வீட்டைப் பாத்துட்டுப் போகட்டும்னு.

அந்தச் சமயம் சுகந்தி போயி வருசம் திரும்புச்சு. கோயம்புத்தூர்க் கல்லறைக்குப் போய்ட்டு வாறேன்னான். கிளம்பும்போது வாசல்ல நின்னு ஒண்ணுக்கு நாலு தடவை சொன்னான். "எக்கா, காலையிலயும் சாயங்காலமும் தண்ணி மட்டும் தெளி. வலையைத் திறக்காதே. வேற ஒண்ணும் செய்யாண்டாம். ஒண்ணுமே செய்யாண்டாம் எக்கா, என்ன?"

சரிலே, போயிட்டு வான்னேன். அவன் போன மறுநாள் ஐயரம்மா ஆள் அனுப்பிட்டாவ. பொண்ணு வீட்டுக்காரங்க சனிக்கிழமை வாறாவன்னு. பொண்ணோட அண்ணன் வெளிநாட்டுலேருந்து வந்திருக்கானாம், அவன் திரும்பப் போறதுக்குள்ள பாத்துரணுமாம். நான் என்ன செய்ய? மாத்திச் சொன்னா, இஷ்டமில்ல போலன்னு நெனைச்சுருவாவ. அவன் இல்லாததும் நல்லதுக்குத்தான்னு தோணுச்சு. இருந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பான். மொதல்ல வீடு பிடிக்கட்டும்.

நீயே யோசிச்சுப் பாரு. பின்னால பூராவும் கொசுவலை. செடி ஒவ்வொண்ணும் முக்காடு போட்ட மாதிரி நிக்கு. அழுகுன வாழைப்பழம். ஈ மொய்க்கு. பொண்ணைப் பெத்தவ அதைப் பாத்தா, மாப்பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சிருக்குன்னு சொல்லமாட்டாளா? சொல்லுவாளா மாட்டாளா?

அவ்வளவுதான் நான் செஞ்சது. வீட்டை வீடு மாதிரி ஆக்கினேன். பழத்தை அள்ளித் தூரக் கொட்டினேன். வலையை எல்லாம் கழட்டித் துவைச்சு, இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சேன். குஞ்சுகளை அப்படியே விட்டா காக்கா தூக்கிரும்லா? அதனால ஒவ்வொண்ணா, விரல் விரலா, என் கையாலயே எடுத்தேன். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் போட்டு வெக்குற பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு இருக்கு. அதுல மாதுளை இலை பரப்பி, குச்சி வெச்சு, எல்லாத்தையும் உள்ள விட்டேன். மூச்சு முட்டக்கூடாதேன்னு ஊசியைப் பழுக்கக் காய்ச்சி மூடி பூராவும் ஓட்டை போட்டேன். பொறுமையா, வரிசை பிசகாம. பாத்தா ஜரிகை வேலை மாதிரி இருக்கும். வெயில் வேணும்னு அவன் சொல்லியிருக்கான்லா, அதனால கொண்டுபோய் மொட்டைமாடியில வெச்சேன். வேற யாரும் இவ்வளவு பாத்துச் செய்வாவளா?

ஜூன் மாசம் காத்து வரவேண்டிய நேரம். தேரிக்காத்துன்னா நீ கேள்விப்பட்டிருக்கமாட்டே, தேரியில, அதான் செம்மணல் மேட்டுல, கிடக்குற மண்ணை அள்ளிக்கிட்டு அடிக்கும், நிக்க முடியாது. அன்னைக்குப் பாத்து ஒரு இலை அசையல. பொண்ணு வீட்டுக்காரங்களும் காலையில வாறேன்னவங்க, கார் பஞ்சர் அது இதுன்னு மத்தியானம் தாண்டித்தான் வந்தாவ. அவங்க சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? நான் இன்னைக்கும் ஐயரம்மாகிட்ட அதைத்தான் சொல்லுதேன். வாக்குக் கொடுத்தா அதுபடி வரணும்.

வந்தாவ, உக்காந்தாவ. பொண்ணோட அம்மா வீட்டைச் சுத்திப் பாத்துட்டு, "பின்னால எவ்வளவு சுத்தமா இருக்கு டீச்சர்"னா. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. சாப்பிட்டு, ஜெபம் பண்ணி, அவங்களை வழியனுப்பிட்டுத்தான் எனக்கு மாடி நெனப்பு வந்துச்சு.

மூடியைத் தொட முடியல, அப்படிச் சுடுது.

எல்லாம் வெளுத்துப் போய்க் கிடந்துச்சு தாரணி. பச்சையும் இல்ல, கறுப்பும் இல்ல. சுண்ணாம்பு மாதிரி. எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு. மூடி ஓட்டைக்கு நேரா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னு, அப்படியே. ஒண்ணை எடுத்து விரல்ல விட்டேன். விரலைப் பிடிக்கல.

பொறு. ஒரு நிமிசம் பொறு. கண்ணுல ஏதோ தூசி.

நான் சும்மா தூக்கிப் போடல கேட்டியா. முருங்கை மூட்டுல குழி தோண்டி, பழைய வெள்ளைத் துணி விரிச்சு, எல்லாத்தையும் வரிசையாப் படுக்க வெச்சு, ஜெபம் பண்ணித்தான் மூடினேன். போன்ல அவன் கேட்டான், "எக்கா, தண்ணி தெளிச்சியா?"ன்னு. தெளிச்சேன்லேன்னேன். பொய்யில்ல, காலையில தெளிச்சேன்லா. தூரத்துல இருக்குறவன்கிட்ட எதுக்குச் சொல்லிக் கலங்கடிக்கணும்?

வந்தான். பையைக் கீழ வெக்கல, நேரா பின்பக்கம்தான் போனான். நான் பின்னாலயே போய் நல்ல சேதியை மொதல்ல சொன்னேன். பொண்ணு வீட்டுக்குப் பிடிச்சுப் போச்சுலே, பொண்ணு போட்டோ உள்ள வெச்சிருக்கேன்னு. அவன் வெறுஞ்செடியைப் பாக்கான். ஒவ்வொரு செடியாப் போய் இலையை விலக்கிப் பாக்கான்.

"எங்க எக்கா?"

சொன்னேன். மறைக்கல. டப்பா எடுத்தது, இலை போட்டது, ஓட்டை போட்டது, வெயில்ல வெச்சது எல்லாத்தையும் சொன்னேன். வெயில் வேணும்னு நீதானலே சொன்னேன்னும் சொன்னேன்.

அவன் ஒண்ணுதான் கேட்டான். "எல்லாத்தையும் ஒண்ணாவா போட்டே?"

ஆமான்னேன்.

கத்துவான்னு நெனச்சேன். கத்தியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். துணி துவைக்குற கல்லுல போய் உக்காந்தான். நானும் பக்கத்துல உக்காந்தேன். அன்னைக்கு எந்திரிச்சுப் போகல. கண்ணைக்கூடத் திருப்பல. ராத்திரி அவனுக்குப் பிடிக்குமேன்னு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வெச்சேன். உக்காந்து எல்லாத்தையும் சாப்பிட்டான். தட்டைத் தானே கழுவி வெச்சான். சரி, மனசு ஆறிட்டுன்னு நானும் நிம்மதியாத் தூங்கினேன்.

காலையில பையோட நிக்கான்.

"எங்கலே?"

"கோயம்புத்தூருக்கு. கம்பெனியில திரும்பக் கூப்பிடுதாவ."

"பொண்ணு வீட்டுக்கு என்ன சொல்ல?"

வாசப்படி இறங்கிட்டுத் திரும்பிப் பாத்து, "எக்கா, நான் போறேன்"ன்னான்.

"போறேன்னு சொல்லாதேலே. போயிட்டு வாறேன்னு சொல்லு."

என்னையே பாத்துக்கிட்டு நின்னான். பால்வாடிக்கு விட்டுட்டு வந்த அன்னைக்கு அப்படிப் பாத்தான். "போறேன் எக்கா"ன்னுதான் மறுபடியும் சொன்னான். துக்கத்துல அவனுக்கு நாக்கு பிசகுது. ரெண்டு தடவையும் பிசகுது. நான் அவனுக்குச் சேத்து, போயிட்டு வான்னு சத்தமாச் சொல்லி அனுப்பினேன்.

அதுலேருந்து வரல. பொங்கலுக்கு வரல, ஈஸ்டருக்கும் வரல. லீவு கிடைக்கலையா இருக்கும். ஒருக்கா நானே பஸ் ஏறிப் போனேன். பழைய வீட்டைக் காலி பண்ணிட்டானாம், புது விலாசம் வீட்டுக்காரங்களுக்குத் தெரியலையாம். கம்பெனி வாசல்ல கேட்டா, வெளியூர் வேலைக்குப் போயிருக்காருன்னாவ. பலகாரத்தை வாட்ச்மேன்கிட்டக் கொடுத்துட்டு வந்தேன்.

அந்தப் பொண்ணுக்கு வேற இடத்துல முடிஞ்சு போச்சு. எங்களுக்குக் கொடுத்துவெக்கல.

பின்பக்கத்தைப் பாத்தா அவனுக்குக் குஞ்சு நெனப்புத்தான் வரும், பாவம். அதனால செடியெல்லாம் பிடுங்கி, முருங்கையையும் வெட்டிட்டு, நல்லா சிமெண்ட் போட்டுவிட்டேன். எவ்வளவு சுத்தமாக் கிடக்கு பாத்தியா? அவன் வந்தா மனசு கஷ்டப்படக்கூடாதுல்ல. அவனுக்காகத்தான் எல்லாம்.

என்ன செய்யப் போறே, போன் போடவா? அவனுக்கா? உன்கிட்ட நம்பர் இருக்கா? ஆமா, போட்டோ அனுப்புன நம்பர். போடு, போடு. என் நம்பரைப் பாத்தா எடுக்கமாட்டான், எந்நேரமும் வேலை அவனுக்கு. உன்னுதை எடுத்தாலும் எடுப்பான். சத்தமாக் கேக்குற மாதிரி வை. நான் பேசமாட்டேன், சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்.

மணி அடிக்குது.

எடுத்துட்டான்! அவன்தான். பேசு பேசு, நீ பேசு.

நல்லா இருக்கீங்களான்னு கேக்கான் பாரு, எவ்வளவு மரியாதை. நான் வளத்த வளப்பு. என்னது? பச்சோந்தி எங்க பாக்கலாம்னா? தேரியிலயா? தேரிப் பக்கம் உடைமுள் மரத்துல பெருசு பெருசா இருக்குமாம், காலையில வெயில் ஏறுறதுக்கு முந்திப் போகணுமாம், கேட்டியா. எல்லாம் அவனுக்கு அத்துப்படி. உன்கிட்ட எவ்வளவு பேசுதான்! குரல் கொஞ்சம் கட்டியிருக்கு, தண்ணி சேரலயோ என்னவோ.

சிரிக்கான்.

சிரிக்கான் தாரணி! நீ என்ன சொன்னே அப்படி? இன்னும் ஏதாவது சொல்லு. இன்னும் கொஞ்சம் பேச விடு.

ம்? நான் இங்க இருக்குறதையா? சொல்லாதே. இல்ல, சொல்லு. சொல்லிரு. உங்க அக்கா பக்கத்துல இருக்காங்கன்னு சொல்லு. ஒரு வார்த்தை என்கூடப் பேசச் சொல்லு. போனை இப்படிக் கொண்டா. ஆசீரு! ஏல ஆசீரு, நான் அக்கா...

ஆசீரு?

என்னம்மா, சத்தமே இல்ல? கட் ஆயிட்டா? அவனா வெச்சான்? சேச்சே, அப்படியெல்லாம் செய்யமாட்டான் அவன். டவர் இருக்காது. அவன் இருக்குற பக்கம் டவர் சரியில்லன்னு நெனைக்கேன்.

போடாண்டாம், திரும்பப் போடாண்டாம். வேலை நேரம், தொந்தரவு பண்ணக்கூடாது. குரல் கேட்டாச்சுல்ல, அது போதும்.

ஆனாலும் நீ ஒண்ணு கேட்டிருக்கலாம் தாரணி. இவ்வளவு நேரம் பேசுனியே. சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா.